அடக்கமா, அறிவா? இந்தியாவில் பாலியல் கல்வி விவாதத்தின் முன்வரலாறு

முன்னுரை

பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டுமா, வேண்டுமாயின் அது எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்னும் வினா, அண்மைக்காலத்தில் மேலைநாட்டிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த வினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. திருமணம் வரை விலகியிருத்தல் ஒன்றையே கற்பிக்கும் திட்டங்கள் ஒருபுறம். உடற்கூறு, கருத்தரிப்பு, கருத்தடை, நோய்த்தடுப்பு, இசைவு ஆகிய அனைத்தையும் வயதுக்கேற்பக் கற்பிக்கும் முழுமையான பாலியல் கல்வி மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையிலான போட்டி அமெரிக்காவில் எழுந்து ஆசியாவுக்குப் பரவியது என்றே கட்டுரைகள் பலவும் தொடங்குகின்றன. இக்கருத்து முழுவதும் பொருந்துவதன்று. 'அடக்கம் போதும்' என்போரும் 'அறிவு வேண்டும்' என்போரும் இந்திய மண்ணில், அதிலும் குறிப்பாகச் சென்னை மாகாணத்தில், எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடியுள்ளனர். விடுதலைக்குப்பின் அடக்க நெறி அரசின் செலவில் சோதித்தும் பார்க்கப்பட்டது. அச்சோதனையின் முடிவு இன்று பரவலாக அறியப்படவில்லை. இக்கட்டுரை அவ்வரலாற்றின் சில கட்டங்களை எடுத்துரைத்து, இன்றைய விவாதத்தை அதன் ஒளியில் நோக்க முற்படுகிறது.

இலண்டனில் தொடங்கிய வழக்கு

1877ஆம் ஆண்டில் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்டும் இலண்டன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். சார்லஸ் நோல்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1832இல் எழுதிய கருத்தடைச் சிறுநூல் ஒன்றை அவர்கள் மறுபதிப்புச் செய்ததே குற்றம். ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மேல்முறையீட்டில், குற்றச்சாட்டு வரையப்பட்ட முறையிலிருந்த குறையைக் காட்டித் தண்டனை நீக்கப்பட்டது. ஆயினும் பெசன்ட் அதற்குக் கொடுத்த விலை வேறு. 1878இல் தம் மகளை வளர்க்கும் உரிமையை அவர் நீதிமன்றத்தில் இழந்தார். நாத்திகமும் அந்நூலுமே அதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன.

அவ்வழக்கின் எதிரொலி சென்னையில் விரைந்து கேட்டது. 1880களில் 'தத்துவவிவேசினி' முதலிய இதழ்களை நடத்திய சென்னைச் சுயசிந்தனையாளர்கள் பிராட்லாவின் கருத்துகளைத் தமிழில் கொண்டுவந்தனர். மக்கட்பெருக்கம் குறித்த புதுமால்தூசியச் சிந்தனையும் அவற்றுள் ஒன்று. பாலியல் அறிவைப் பொதுவெளியில் பேசும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று என்பதற்கு இவ்விதழ்கள் சான்றாகும்.

விந்தை என்னவெனில், அன்னி பெசன்ட் அடையாற்றில் வந்து அமர்வதற்கு முன்பே தம் கொள்கையை மாற்றிக்கொண்டுவிட்டார். 1889இல் பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்தவர், 1891இல் மக்கட்தொகை பற்றிய தம் நூலின் வெளியீட்டை நிறுத்தி, தன்னடக்கமே மனிதனுக்குரிய வழி என அறிவித்தார். தம் மகளையே இழக்கக் காரணமான கொள்கையை ஒருவர் துறப்பது எளிதான செயலன்று. அம்மாற்றத்தைச் சந்தர்ப்பவாதம் எனத் தள்ளிவிடவும் இயலாது. அவ்வம்மையாரின் வாழ்க்கையிலேயே இவ்விவாதத்தின் இரு தரப்பும் இடம்பெற்றுவிட்டன எனலாம்.

அதே காலத்தில் இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த மோகன்தாசு காந்தி, 1891இல் பிராட்லாவின் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். அந்நகரின் சைவ உணவுச் சங்கத்தில் அப்போது ஒரு பூசல் எழுந்தது. உறுப்பினரான மருத்துவர் ஆலின்சன் கருத்தடை முறைகளைத் தொழிலாளரிடையே பரப்பினார். தலைவர் ஹில்ஸ் அவரைச் சங்கத்திலிருந்து நீக்க விரும்பினார். கருத்தடை பற்றி ஹில்ஸின் கருத்தே தமக்கும் உடன்பாடு எனினும், மாறுபட்ட கருத்துக்காக ஒருவரை நீக்கல் தகாது எனக் காந்தி கருதினார். எழுந்து பேசும் துணிவு இல்லாமையால் தம் கருத்தை எழுதிக் கொண்டுபோனார் என்றும், ஆலின்சன் தோற்றார் என்றும் தம் தன்வரலாற்றில் அவர் பதிவு செய்துள்ளார். ஆலின்சனின் பரப்புரை தம்மைச் சிறிது காலம் கவர்ந்ததையும், ஹில்ஸின் எதிர்ப்பு அதனினும் ஆழமாய்ப் பதிந்ததையும் அவர் மறைக்கவில்லை. காந்தியின் பிரமசரியக் கொள்கைக்கு இந்திய மரபை மட்டும் ஊற்றாகக் காட்டுவோர் இந்நிகழ்ச்சியைக் கவனித்தல் நன்று.

வார்தா உரையாடல்

1906இல் தென்னாப்பிரிக்காவில் பிரமசரிய நோன்பு ஏற்ற காந்தி, 1925 மார்ச்சில் 'யங் இந்தியா' இதழில் கருத்தடை பற்றி எழுதினார். பிள்ளைப்பேற்றைக் குறைத்தல் தேவை என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. வழி எது என்பதிலேயே மாறுபாடு. செயற்கைச் சாதனங்கள் மனிதனைப் பொறுப்பற்றவனாக்கும். செயலின் விளைவிலிருந்து தப்பிக்க முயல்வது உறுதியைக் குலைக்கும். ஆகவே தன்னடக்கம் ஒன்றே வழி என்பது அவர் வாதம். 1926இல் தொடர்ந்து எழுதிய கட்டுரைகளும் பிறவும் அடுத்த ஆண்டில் தன்னடக்கம் பற்றிய நூலாக வெளிவந்தன.

1935 டிசம்பர்த் தொடக்கத்தில் அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். 1916இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கருத்தடை நிலையம் திறந்தமைக்காகச் சிறை சென்றவர் அவர். பதினெட்டு முறை கருவுற்றுப் பதினொரு பிள்ளைகளைப் பெற்று ஐம்பது வயதளவில் மறைந்த ஒரு தாயின் மகள். மகாதேவ தேசாய் எழுதிய அவ்வுரையாடல் 1936 சனவரியில் 'ஹரிஜன்' இதழில் வெளிவந்தது.

அவ்வுரையாடலைப் படிப்போர் எதிர்பாராத ஒன்றைக் காண்பர். இருவரும் பெண்ணின் விடுதலையையே பேசுகின்றனர். கணவன் இச்சையோடு நெருங்கும்போது 'வேண்டாம்' என மறுக்கப் பெண்கள் கற்றுக்கொண்டால் போதும், கருத்தடைச் சிக்கலே இந்தியாவில் எழாது என்கிறார் காந்தி. மனம் ஒத்து வாழும் இருவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே கூடி வாழ்தல் இயலுமா எனச் சாங்கர் வினவுகிறார். காதல் வேறு, காமம் வேறு என்பது காந்தியின் விடை. இறுதியில், செயற்கைச் சாதனங்களைக் காட்டிலும் மாதத்தின் கருத்தரியா நாள்களைக் கணக்கிட்டு ஒழுகும் முறையில் சிறிதேனும் அடக்கம் இருக்கிறது என்ற அளவுக்கு அவர் இறங்கிவந்தார். சிறிய விட்டுக்கொடுத்தல்தான், எனினும் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஓர் அரசின் கொள்கையே அதன்மேல் எழுந்தது.

காந்தியின் வாதத்திலுள்ள இடர்ப்பாடு அதன் ஒழுக்க நெறியில் இல்லை. 'வேண்டாம்' எனச் சொல்லும் உரிமை அன்றைய மனைவிக்கு எங்கே இருந்தது என்பதே கேள்வி. 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம், பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என வகுத்தது. அதையும் பலர் மீறினர். 1925ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனைவிக்குப் பதின்மூன்று வயது நிறைந்துவிட்டால் அவளது இசைவைச் சட்டம் கேட்கவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண், தன் உடல் பற்றி எவரும் எதுவும் சொல்லித்தராத நிலையில், கணவனிடம் மறுப்புச் சொல்லி வெல்வாள் என எதிர்பார்ப்பது, நீச்சல் அறியாதவளிடம் ஆற்றைக் கடக்கும் உறுதியை வேண்டுவதாகும்.

குடியரசின் குரல்

சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1930 ஏப்ரலில் 'குடி அரசு' இதழ் கர்ப்பத்தடை பற்றித் தலையங்கம் எழுதியது. அதன் ஆசிரியர் ஈ.வெ. இராமசாமிப் பெரியார், 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சுற்றுப்பயணம் செய்துவிட்டு அண்மையில்தான் தாயகம் திரும்பியிருந்தார். கர்ப்பத்தடையை ஆதரிக்கும் பிறர் கூறும் காரணங்களை அவர் வரிசைப்படுத்துகிறார்: தாயின் உடல்நலம், குடும்பச் சொத்துச் சிதறாமை, நாட்டின் வறுமை. தம் காரணம் இவற்றினின்றும் வேறானது என்கிறார். பெண் விடுதலை பெற்றுத் தன்னுரிமையோடு வாழப் பிள்ளைப்பேறு தடையாய் இருக்கிறது என்பதே அவருடைய காரணம். பின்னர்க் 'கர்ப்ப ஆட்சி' என்னும் தலைப்பில் குடி அரசுப் பதிப்பகம் தனி நூலும் வெளியிட்டது.

அத்தலைப்பு சிந்தனைக்குரியது. 'கர்ப்பத்தடை' தடுப்பதைக் குறிக்கும். 'கர்ப்ப ஆட்சி' ஆள்வதைக் குறிக்கும். ஆட்சி என்னும்போது ஆள்பவர் யார் என்னும் வினா உடன் எழுகிறது. இதற்கு மாறாக, பிற்கால அரசு வழக்கில் நிலைபெற்ற 'குடும்பக் கட்டுப்பாடு' என்னும் தொடர் ஆள்பவரை மறைத்துவிட்டது. இதிலுள்ள 'கட்டுப்பாடு' என்னும் சொல்லையே அடக்கம் பேசுவோரும் 'சுயக்கட்டுப்பாடு' என எடுத்தாளுகின்றனர். ஒரே சொல் இரு முகாம்களிலும் பணிபுரிவதைச் சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையோர் மேலும் ஆராயலாம். 1977இல், நெருக்கடிநிலைக் காலக் கட்டாய அறுவைகளின் கசப்புக்குப் பின்னர், அத்தொடரும் 'குடும்ப நலம்' என மென்மையாக்கப்பட்டது.

சுயமரியாதை இயக்கத்தாரே சென்னையில் இதைப் பேசினர் எனக் கொள்ளலாகாது. உயர்நீதிமன்ற நீதிபதியான வேபா இராமேசம் போன்ற மேட்டுக்குடியினர் 1920களின் இறுதியில் சென்னைப் புதுமால்தூசியக் கழகத்தை நடத்தினர். 1930இல் மைசூர் அரசு தன் மருத்துவமனைகளில் கருத்தடை நிலையங்களுக்கு இசைவளித்தது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் அவை கருத்தடை முறைகளைக் கற்பிக்கும் முன்மொழிவை ஏற்றது. பம்பாயில் கணிதப் பேராசிரியர் ர. தோ. கார்வே 1921 முதல் கருத்தடை நிலையம் நடத்தி, அதன் பொருட்டு வேலையை இழந்து, 1927 முதல் 'சமாஜ் சுவாஸ்த்யா' என்னும் மராத்தி இதழை 1953இல் தாம் மறையும்வரை வெளியிட்டார். ஆபாச வழக்கில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். இவர்களுள் பலர் மால்தூசியச் சிந்தனையோடு ஏழையர் பெருகுதல் ஆகாது என்னும் மனப்பான்மையையும் சுமந்தனர். அறிவின் பக்கம் நின்றோர் அனைவரும் மனிதநேயர் என்றோ, அடக்கத்தின் பக்கம் நின்றோர் அனைவரும் பிற்போக்காளர் என்றோ இக்காலத்தைப் படிப்பது பிழையாகும்.

காந்தி உண்மையில் சொன்னது

சாங்கர் சந்திப்பு நிகழ்ந்த மறு ஆண்டு, 1936 நவம்பரில், பள்ளிகளில் பாலியல் அறிவு புகட்டலாமா என்னும் கேள்விக்குக் காந்தி 'ஹரிஜன்' இதழில் நேரடியாகவே விடை எழுதினார். இன்றைய விவாதத்தில் அவர் பெயரை எடுத்தாள்வோரும் எதிர்ப்போரும் இக்கட்டுரையைப் போதிய அளவு படித்ததாகத் தோன்றவில்லை. பாலியல் அறிவை இருவகையாக அவர் பகுக்கிறார். காம உணர்வை ஆளக் கற்பிப்பது ஒன்று; அதனைத் தூண்டி வளர்ப்பது மற்றொன்று. முன்னது குழந்தையின் கல்விக்கு இன்றியமையாதது, பின்னது கேடு. சிறுவர் சிறுமியருக்கு இனப்பெருக்க உறுப்புகளின் பணியை விளக்கவேண்டும் என்றே அவர் கருதுகிறார். காரணம், நாம் சொல்லாவிடினும் அவர்கள் எங்கிருந்தேனும் அறிந்துகொள்கின்றனர். அவ்வாறு அறிவது அவர்களைத் தவறான வழியில் செலுத்துகிறது. கற்பிக்கும் ஆசிரியர் தாமே தம் உணர்வுகளை ஆண்டவராயிருத்தல் வேண்டும் என்பது அவர் இடும் நிபந்தனை.

அதாவது, மௌனம் காந்தியின் வழியன்று. அடக்கத்தை இலட்சியமாக வைத்தவர், அறியாமையை அதற்குக் கருவியாகக் கொள்ளவில்லை. பிற்காலத்தில் அடக்கத்தின் பெயரால் பாடநூலிலிருந்து பக்கங்களைக் கிழித்தோர்க்கும் அவருக்கும் இடையே இவ்வேறுபாடு உண்டு. கருத்தடைச் சாதனங்கள் பற்றிய அறிவை அவர் இரண்டாம் வகையிலேயே சேர்த்தார் என்பதையும் மறைத்தல் கூடாது.

மணிமாலைச் சோதனை

கொள்கைகள் மோதும்போது அவற்றைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு வரலாற்றில் அரிதாகவே கிட்டும். விடுதலை பெற்ற இந்தியாவில் அது கிட்டியது. முதல் நலவாழ்வு அமைச்சரான இராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியின் அணுக்கச் சீடர். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் குடும்பத் திட்டத்திற்கு 65 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டபோது, செயற்கைச் சாதனங்களுக்கு அவர் இடமளிக்க விரும்பவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவி நாடப்பட்டது. நிறுவனமோ கத்தோலிக்க நாடுகளின் எதிர்ப்புக்கு அஞ்சியிருந்தது. காந்தி வார்தாவில் ஓரளவு ஒப்பிய கருத்தரியா நாள் முறை ஒன்றே இரு தரப்புக்கும் ஏற்புடையதாயிற்று. 1951 இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன் வந்தார். தில்லியில் அரசு ஊழியர் வாழ்ந்த லோதி குடியிருப்பிலும், மைசூர் மாநிலத்து இராமநகரத்திலும் முன்னோடித் திட்டங்கள் தொடங்கின.

இம்முறைக்கு அடிப்படையான அறிவியல் அன்று புதியது. சப்பானியரான ஓகினோவும் ஆஸ்திரியரான கினாசும் 1920களில் தனித்தனியே ஆய்ந்து, கருத்தரிப்புக்குரிய நாள்கள் இரு மாதவிலக்குகளின் இடைப்பகுதியில் அமைகின்றன எனக் கண்டனர். அதற்கு முந்திய நூற்றாண்டில் மருத்துவர் பலர் அந்த இடைப்பகுதியையே பாதுகாப்பான நாள்கள் எனப் பரிந்துரைத்து வந்தனர். அவ்வறிவுரையை நம்பி எத்தனை பெண்கள் கருவுற்றனரோ! அடக்கமும் சரியான தகவலின்றிப் பயன்படாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

எழுதப் படிக்க அறியாத பெண்கள் நாள்களை எண்ணுவதெப்படி? ஸ்டோன் மணிமாலை ஒன்றை வகுத்தார். நாளுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். ஒரு நிற மணிகள் விலகியிருக்க வேண்டிய நாள்களையும், மற்றொரு நிற மணிகள் கூடலாகும் நாள்களையும் காட்டும். ஏட்டளவில் எளிய ஏற்பாடு. நடைமுறையில் நேர்ந்தவை வேறு. இருட்டில் நிறம் தெரியவில்லை. மணியைத் தள்ள மறந்தனர். தவறான பக்கம் தள்ளினர். மாலையை அணிந்திருத்தலே காக்கும் எனத் தாயத்தாகக் கருதியோரும் உண்டு. பாலூட்டும் தாய்மார்க்கும் உடல் நலிந்தோர்க்கும் விலக்கு முறையாக வருவதில்லை. அவர்களுக்கு மாலை எதையும் காட்ட இயலாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை ஒன்றிருந்தது. விலக வேண்டிய நாள்களைப் பெண் அறிந்தாள். விலகுவதை முடிவு செய்தவன் ஆண். மாலை அவள் கழுத்தில் கிடந்தது, அவ்வளவே.

தொடக்கத்தில் பெரும்பாலான தம்பதியர் பிள்ளைப்பேற்றைக் குறைக்கக் கற்றுக்கொள்ள விருப்பம் தெரிவித்தனர் என்பது இத்திட்டங்கள் தந்த ஒரு பயனுள்ள செய்தியாகும். அம்முறையை இறுதிவரை பின்பற்றியோரோ மிகச் சிலர். 1954 அளவில் சோதனைகள் முடிந்தன. தேசியத் திட்டமாக அது விரிவடையவில்லை. அடுத்து வந்தவர்கள் எதிர்த் திசையில் விரைந்தனர். சென்னை மாநிலம் 1956இல் கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழையர்க்கு ரூபாய் 30 வழங்கத் தொடங்கியது. அடக்கத்தைப் போதித்த அரசும் சரி, அறுவைக்குப் பணம் கொடுத்த அரசும் சரி, பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றி அமர்ந்து கற்பிக்கும் பொறுமையைக் கொண்டிருக்கவில்லை.

மணிமாலை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் வந்தது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தகைய மாலையைப் பிழையின்றிப் பயன்படுத்தியோருள் ஓராண்டில் நூற்றுக்கு ஐவரளவே கருவுற்றனர். பயன்பாட்டில் பிழை செய்தோரையும் சேர்த்தால் பன்னிருவர். வேறுபாடு யாதெனில், 26 முதல் 32 நாள் சுழற்சியுடைய பெண்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். கணவனும் மனைவியும் ஆலோசனை பெற்றனர். அதுவே ஒரே வழி என அவர்கள்மேல் சுமத்தப்படவில்லை.

அமெரிக்கச் சோதனையும் இந்தியத் தடையும்

1996இல் அமெரிக்க நாடாளுமன்றம், திருமணத்திற்கு வெளியே விலகியிருத்தல் ஒன்றையே கற்பிக்கும் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி டாலர் ஒதுக்கியது. எவ்வெவற்றைக் கற்பிக்க வேண்டும் என எட்டு விதிகள் வகுக்கப்பட்டன. அந்நாடாளுமன்றத்தின் ஆணைப்படியே மேற்கொள்ளப்பட்டு 2007 ஏப்ரலில் வெளிவந்த மதிப்பீடு, நான்கு திட்டங்களைச் சேர்ந்த 2,057 இளையரை ஆராய்ந்தது. சீட்டுக் குலுக்கியதுபோல் அவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். சில ஆண்டுகள் கழித்து நோக்கியபோது, பயிற்சி பெற்ற குழுவில் ஏறத்தாழ 49 விழுக்காட்டினர் விலகியிருந்தனர். பெறாத குழுவிலும் அதே 49 விழுக்காடு. உறவில் ஈடுபட்டோரின் முதல் அனுபவ வயதும் இரு குழுவிலும் 14.9. அதே ஆண்டில் டக்ளஸ் கிர்பி 48 முழுமைக் கல்வித் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்து, அவற்றுள் மூன்றில் இருபங்கு நற்பயன் விளைத்தன எனக் கண்டார். எஞ்சிய ஒருபங்கு என்ன ஆயிற்று என்பதை முழுமைக் கல்வியின் ஆதரவாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். தகவல் மட்டும் நடத்தையை மாற்றாது.

2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இரு தரப்பையும் சற்றுத் தயங்கச் செய்தது. பிலடெல்பியா நகரில் ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர் 662 பேரிடையே ஜெம்மட் குழுவினர் நடத்திய சோதனையில், விலகியிருத்தலை வலியுறுத்திய பாடம் பயன் தந்தது. இரண்டு ஆண்டுகளில் உறவில் ஈடுபட்டோர், அப்பாடம் பெற்றோருள் மூன்றில் ஒரு பங்கு. பெறாதோருள் ஏறக்குறைய பாதி. ஆனால் அப்பாடம் அரசின் எட்டு விதிகளுக்கு உட்பட்டதன்று. திருமணம் வரை காத்திருக்கச் சொல்லாமல், பக்குவம் வரும்வரை தள்ளிப்போடச் சொன்னது. ஆணுறையை இழித்துரைக்கவில்லை; மாணவர்க்கு அதுபற்றித் தவறான எண்ணம் இருப்பின் ஆசிரியர் திருத்தினார். 1936ஆம் ஆண்டுக் காந்தியின் கட்டுரைக்கு எட்டு விதிகளைவிட இப்பாடமே நெருங்கியது என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. காந்தியர் சிலர் இதனை ஏற்கமாட்டார்.

இந்தியாவில் 2005இல் தொடங்கிய வளரிளம்பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம், குஜராத் உள்ளிட்ட மாநிலங்கள் தடைசெய்தன. பாடப்படங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்பது குற்றச்சாட்டு. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது எனப் பரிந்துரைத்தது. திருமணத்திற்கு முன் உறவு கூடாது என்பதையும், ஞானியர், விடுதலை வீரர் ஆகியோரின் வாழ்க்கையையும் கற்பித்தால் போதும். நோய்கள் பற்றிய செய்தி மேல்நிலைக் (10+2) கட்டத்துக்கு முன்னர் வேண்டாம், அதன்பின் உயிரியலில் வரட்டும் என்றது.

தடைகள் விதிக்கப்பட்ட அதே 2007இல் இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்த ஆய்வை வெளியிட்டது. அவர்களுள் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். இழைத்தோரில் பலர் அக்குழந்தைகள் அறிந்து நம்பியவர்கள். அடக்கமா அறிவா என முதியோர் வழக்காடும் இடத்தில் இக்குழந்தைகளின் நிலை எங்கும் பேசப்படவில்லை. தன் உறுப்பின் பெயரறியாத ஒரு குழந்தை, தனக்கு நேர்ந்ததை எச்சொல்லால் சொல்லும்?

தமிழ் வகுப்பறையில்

சிங்கப்பூர்க் கல்வியமைச்சு, திருமணம்வரை விலகியிருத்தலே சிறந்தது என வலியுறுத்தும் அதே பாடத்தில் கருத்தடை பற்றிய உண்மைகளையும் சேர்த்துக் கற்பிக்கிறது. மலேசியாவிலோ இப்பொறுப்பு தமிழாசிரியரை நேரடியாகவே வந்தடைந்துள்ளது. 2011இல் தொடங்கிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் இனப்பெருக்க, சமூக நலக் கூறுகள் நலக்கல்விப் பாடத்தில் இடம்பெற்றன. தமிழ்ப்பள்ளியில் அப்பாடம் தமிழில் நடைபெறுகிறது. உடலின் மறைவான பகுதிகள், ஏற்புடைய தொடுதல், ஏற்பற்ற தொடுதல் ஆகியவற்றை ஆசிரியர் தமிழிலேயே சொல்லியாக வேண்டும். களவியலையும் கற்பியலையும் இலக்கணமாக வகுத்த மொழிக்கு இதற்கான சொல் இல்லாமற் போகாது. ஆயினும் வகுப்பில் அச்சொல் வாயெழ மறுக்கிறது.

ஆசிரியர் பட்டறை ஒன்றில் இதுபற்றிப் பேச்செழுந்தபோது, இருபது ஆண்டு அனுபவமுடைய ஆசிரியை ஒருவர் தம் வழக்கத்தை ஒளிக்காமல் சொன்னார். "அந்தப் பக்கம் வந்ததும், அதை வீட்டில் அம்மாவிடம் கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள் என்று கூறி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன், ஐயா. போன ஆண்டு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி இடைவேளையில் வந்து, எங்கள் வீட்டில் அம்மா இல்லையே டீச்சர், நான் யாரிடம் கேட்பது என்றாள்." அன்று மாலையே அவர் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி முன் நின்று உரக்கப் படித்துப் பழகினாராம்.